தாலாட்டும் தனித்துயிலும்: சிவகாசித் தொழில் வட்டாரத்தில் குழந்தையைத் தானே உறங்கப் பழக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

குழந்தை பிறர் துணையின்றித் தானே உறக்கத்துள் நுழையப் பழகுதல் என்பது மேலைநாட்டுக் குழந்தை வளர்ப்பு நூல்களில் நெடுங்காலமாகப் பேசப்படும் பொருளாகும். தமிழ்ச் சூழலில் உறங்க வைத்தல் என்பது தூளி, தாலாட்டு, தாயின் அணைப்பு ஆகியவற்றோடு பிணைந்த இருவர் செயலாகவே இருந்து வந்துள்ளது. விருதுநகர் மாவட்டத்தின் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் தாயர் பகற்பொழுதில் பணிக்குச் செல்வதால், குழந்தையின் உறக்கம் ஒரு தொழிலாளர் நலச் சிக்கலாகவும் மாறியுள்ளது. இக்கட்டுரை தமிழ்ச் சொல்வழக்கு, தாலப்பருவ இலக்கியம், குழந்தை உறக்கம் குறித்த அறிவியல் ஆய்வுகள், தொழிலாளர் சட்டங்கள் ஆகிய நான்கையும் ஒருங்கு வைத்து நோக்கி, இவ்வட்டாரத்திற்குப் பொருந்தும் பழக்கமுறை எதுவாக இருத்தல் கூடும் என்பதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தாலாட்டு, தூளி, தாலப்பருவம், குழந்தை உறக்கம், சிவகாசி, பெண் தொழிலாளர், குழந்தைக் காப்பகம்

முன்னுரை

இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 1985ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டுக் காமராசர் மாவட்டம் என்னும் பெயரில் உருவான நிலப்பகுதியே இன்றைய விருதுநகர் மாவட்டம் ஆகும். மழை குறைந்த கரிசல் நிலம் இப்பகுதியில் பெரும்பரப்பைக் கொண்டது. வேளாண்மை நிலையான வருவாய் தராத இந்நிலத்தில், வறண்ட தட்பவெப்பமே தீப்பெட்டித் தொழிலுக்கு ஏற்றதாய் அமைந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டு கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். அதன் வழியாகத் தீப்பெட்டியும், பின்னர்ப் பட்டாசும் அச்சும் இவ்வட்டாரத்தின் முதன்மைத் தொழில்களாயின. இந்தியப் பட்டாசு உற்பத்தியின் பெரும்பகுதி இன்றும் இங்கேயே நடைபெறுகிறது.

இத்தொழில்கள் பெருமளவு பெண்களின் உழைப்பைச் சார்ந்தவை. சட்டங்களில் தீக்குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், காகிதக் குழாய் சுற்றுதல், திரி வைத்தல், சரவெடி பின்னுதல் முதலிய வேலைகளில் பெண்கள் மிகுதியாக ஈடுபடுகின்றனர். கைக்குழந்தையுடைய தாய் இவ்வேலைகளுக்குச் செல்லும்போது, அக்குழந்தையை உறங்க வைப்பவர் யார், எவ்வாறு உறங்க வைப்பது என்னும் வினாக்கள் எழுகின்றன. குழந்தை தாயின் மடியிலோ அவள் ஆட்டும் தூளியிலோ மட்டுமே உறங்கும் எனில், அவள் இல்லாத பகற்பொழுது குழந்தைக்கும் பேணுவோர்க்கும் இடர்ப்பாடாகிறது. இரவில் பலமுறை எழுந்து ஆட்டிய தாய் மறுநாள் வெடிமருந்தின் அருகே அமர்ந்து வேலை செய்ய வேண்டியுள்ளது. எனவே குழந்தையைத் தானே உறங்கப் பழக்குதல் இங்கு உயிர்ப் பாதுகாப்போடும் தொடர்புடைய பொருளாகிறது.

1. ‘தூங்கு’ என்னும் சொல்

தமிழில் உறக்கத்தைக் குறிக்க உறங்கு, துயில், துஞ்சு, கண்படு, கண்வளர் எனப் பல சொற்கள் உள்ளன. இன்று பெருவழக்காய் இருப்பது ‘தூங்கு’ என்பதாகும். பழந்தமிழில் இச்சொல்லின் முதன்மைப் பொருள் தொங்குதல், அசைதல் என்பனவே. வானில் தொங்கும் மதில் ‘தூங்கெயில்’ எனப்பட்டது. தொங்கும் கூடு கட்டும் பறவை இன்றும் ‘தூங்கணாங்குருவி’ என்றே வழங்குகிறது. தொங்கி அசைதலைக் குறித்த வினை, காலப்போக்கில் உறங்குதலைக் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. அசைவுக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பு தமிழ்ச் சொல்லிலேயே பதிவாகியுள்ளது எனக் கொள்ளலாம்.

‘தாலாட்டு’ என்னும் சொல்லைத் ‘தால்’ (நாக்கு) என்பதோடு ‘ஆட்டு’ சேர்ந்து அமைந்ததாக விளக்குவர். நாவை அசைத்து எழுப்பும் ஒலியே அதன் அடிப்படை. ஓராட்டு, ராராட்டு, தாராட்டு முதலிய வட்டார வடிவங்களும் ‘ஆட்டு’ என்னும் பிறவினையையே ஈற்றில் கொண்டுள்ளன. நாட்டார் வழக்கிலும் ‘குழந்தையைத் தூங்க வை’, ‘தூங்கப் போடு’, ‘உறங்கப் பண்ணு’ என்றே கூறுவர். இத்தொடர்கள் அனைத்திலும் உறங்குவது குழந்தையாகவும் உறங்கச் செய்வது மற்றொருவராகவும் அமைகின்றன. ‘குழந்தை தானே தூங்கிவிட்டது’ என்னும் தொடர் வழக்கில் உண்டெனினும், அது எதிர்பாராத நிகழ்வைச் சுட்டும் தொனி உடையது; பயிற்றுவிக்கத்தக்க ஒரு திறனைச் சுட்டுவதன்று. ஆகவே தானே உறங்கப் பழக்குதல் என்னும் கருத்தைத் தமிழ்க் குடும்பங்களிடம் கொண்டு செல்வோர், அது தாயைக் குழந்தையிடமிருந்து விலக்கும் முயற்சியாகப் புரிந்துகொள்ளப்படக்கூடும் என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

2. தாலப்பருவமும் ஏழாம் திங்களும்

விருதுநகர் மாவட்டத்துத் திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், கண்ணனைக் குழந்தையாகப் பாவித்துப் பாடிய திருமொழியில் தாலாட்டுப் பதிகம் ஒன்று உள்ளது. நான்முகன் பொன்தொட்டில் அனுப்பியதாகத் தொடங்கி, தேவர் பலரும் அணிகலன்களையும் பிற பொருள்களையும் அனுப்பியதாக அது விரிகிறது. நாட்டார் தாலாட்டுகளில் தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசை இடம்பெறும் முறைக்கு இது இணையானது. உறங்கப்போகும் குழந்தைக்கு, அதன்பால் அன்பு கொண்ட உறவினரின் பெயர்கள் ஒவ்வொன்றாய் எடுத்துரைக்கப்படுகின்றன. கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த ‘மலையருவி’ (1958), நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ (1964) போன்ற தொகுப்புகள் இவ்வகைப் பாடல்களைக் கற்போர்க்கு உதவுவன.

குலசேகர ஆழ்வாரின் பெருமாள் திருமொழியில் வரும் தேவகி புலம்பல் இப்பொருளின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பெற்ற மகனைத் தாலாட்டும் பேறு தனக்குக் கிட்டவில்லையே எனத் தேவகி வருந்துவதாக அப்பதிகம் அமைந்துள்ளது. குழந்தையை உறங்க வைக்க இயலாத தாயின் துயரைத் தமிழ் இலக்கியம் தனிப் பாடுபொருளாகவே கொண்டிருக்கிறது.

பிள்ளைத்தமிழ் இலக்கணம் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. காப்பு, செங்கீரை ஆகியவற்றை அடுத்து மூன்றாவதாக நிற்பது தாலப்பருவம். இது குழந்தையின் ஏழாம் அல்லது எட்டாம் திங்களுக்கு உரியது என்பர். இக்கால எல்லை கருதத்தக்கது. ஏறத்தாழ ஆறு முதல் எட்டுத் திங்களுக்குள் குழந்தை தன்னைப் பேணுவோரைத் தெளிவாக வேறுபிரித்தறிந்து, அவர் விலகும்போது கலக்கமுறத் தொடங்குகிறது என வளர்ச்சி உளவியலார் குறிப்பிடுவர். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகப்பேற்று விடுப்பு 26 வாரங்கள் ஆகும். அவ்விடுப்பு முழுவதையும் மகப்பேற்றுக்குப் பின் பயன்படுத்தும் தாய், குழந்தையின் ஏழாம் திங்கள் தொடங்கும்போது பணிக்குத் திரும்புகிறாள். இலக்கணம் தாலாட்டுக்கு உரியதாக வகுத்த பருவமும், குழந்தை பிரிவை உணரும் பருவமும், தாய் வேலைக்குத் திரும்பும் பருவமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன. விடுப்புப் பெறாது வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்கள் இதற்கும் முன்னரே வேலையைத் தொடர நேர்கிறது.

3. குழந்தை உறக்கத்தின் இயல்பு

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, மூன்று திங்கள் வரையிலான குழந்தைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேர உறக்கமும், நான்கு முதல் பதினொரு திங்கள் வரையிலான குழந்தைக்குப் பகலுறக்கம் உட்பட 12 முதல் 16 மணி நேர உறக்கமும் தேவை. பிறந்த குழந்தைக்கு இரவு பகல் வேறுபாடு இல்லை. உடலின் நாட்சுழற்சி ஏறத்தாழ இரண்டு, மூன்று திங்களில்தான் உருப்பெறத் தொடங்குகிறது. வளர்ந்தோரின் உறக்கச் சுழற்சி ஏறத்தாழ 90 நிமிடம் நீடிக்க, குழந்தையின் சுழற்சி 50 முதல் 60 நிமிடத்தில் முடிவுறுகிறது. ஒவ்வொரு சுழற்சியின் ஈற்றிலும் குழந்தை சற்றே விழிப்பது இயற்கை.

அவ்விழிப்பின்போது நிகழ்வதே இங்கு அடிப்படையானது. உறங்கத் தொடங்கியபோது இருந்த சூழல் மாறாமல் இருப்பின், குழந்தை மீண்டும் உறங்கிவிடக்கூடும். ஆடிக்கொண்டிருந்த தூளியில் கண்ணயர்ந்த குழந்தை, அசைவற்ற தூளியில் விழிக்கும்போது ஆட்டத்தைத் தேடி அழுகிறது. அமெரிக்க உளவியல் மருத்துவர் தாமசு ஆண்டர்சு காணொளிப் பதிவின் வழியாகக் குழந்தைகளின் இரவுறக்கத்தை ஆராய்ந்து, எல்லாக் குழந்தைகளும் இரவில் விழிக்கின்றன என்றும், சில அழுது அழைக்கச் சில தாமே அமைதியுற்று உறங்குகின்றன என்றும் காட்டினார். ஆகவே ‘இரவு முழுவதும் உறங்கும் குழந்தை’ என்பது விழிக்காத குழந்தை அன்று; விழித்தும் பிறரை அழைக்காமல் மீண்டும் உறங்கும் குழந்தையே ஆகும்.

இவ்வகையில் மிகையான எதிர்பார்ப்பும் களையப்படுதல் வேண்டும். கனடாவில் பென்னெஸ்திரி முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு திங்கள் நிறைந்த குழந்தைகளுள் 38 விழுக்காட்டினர் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கவில்லை. பன்னிரண்டாம் திங்களிலும் 28 விழுக்காட்டினர் அவ்வாறே இருந்தனர். இதனால் குழந்தையின் வளர்ச்சியிலோ தாயின் மனநிலையிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரவில் விழிக்கும் குழந்தை குறையுடைய குழந்தை என்றோ, அதன் தாய் வளர்க்கத் தெரியாதவள் என்றோ கருதுவதற்கு இடமில்லை.

4. மேலைநாட்டுப் பயிற்சி முறைகள்

அமெரிக்க மருத்துவர் எம்மெட் ஹோல்ட் 1894இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல், குழந்தையை ஆட்டி உறங்க வைத்தலைத் தேவையற்ற பழக்கம் எனக் கண்டித்தது. நடத்தையியலாளர் ஜான் வாட்சன் 1928இல் எழுதிய நூலும் குழந்தையை மிகுதியாக அணைத்தலை எதிர்த்தது. ரிச்சர்டு ஃபெர்பர் 1985இல் வெளியிட்ட நூல், குழந்தை அழும்போது பெற்றோர் உடனே செல்லாது, இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டித்துச் சென்று தேற்றும் முறையைப் பரவலாக்கியது. குழந்தைக்கெனத் தனியறையும், மாலையில் இல்லத்திலிருக்கும் பெற்றோரும் இம்முறையின் முன்தேவைகளாக அமைந்தன.

இம்முறைகளின் விளைவு குறித்து ஆய்வுகள் முற்றிலும் ஒருமித்த கருத்தைத் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் கிராடிசார் முதலானோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 43 குழந்தைகள் இடம்பெற்றனர். படிப்படியாக இடைவெளி நீட்டிக்கும் முறையால் குழந்தைகள் விரைவில் உறங்கினர் என்றும், ஓராண்டுக்குப் பின் தாய்–சேய்ப் பிணைப்பில் வேறுபாடு தோன்றவில்லை என்றும் அது கண்டது. நியூசிலாந்தில் மிடில்மிஸ் முதலானோர் 2012இல் 25 தாய்–சேய் இணைகளை ஆராய்ந்தபோது, மூன்றாம் நாளில் குழந்தையின் அழுகை நின்ற போதும் அதன் உடலில் மன அழுத்தச் சுரப்பு குறையாதிருந்தது கண்டறியப்பட்டது. முன்னது சிறிய அளவினது. பின்னது ஒப்பீட்டுக் குழு அற்றது. மெல்போர்னில் 326 குழந்தைகளைக் கொண்டு தொடங்கிய ஆய்வு, ஆறு வயது வரை அவர்களைப் பின்தொடர்ந்தது. அதன் முடிவுகளை 2012இல் வெளியிட்ட பிரைசு முதலானோர், நீடித்த தீங்கும் இல்லை, நீடித்த நன்மையும் இல்லை என்றனர். அவ்வாய்வில் கையாளப்பட்ட இரு முறைகளுள் ஒன்று, குழந்தை உறங்கும்வரை பெற்றோர் அருகே அமர்ந்திருந்து, நாள்தோறும் சற்றுச் சற்றாக விலகுவதாகும். தனியறை இல்லாத வீட்டிற்கு இம்முறையே ஓரளவு பொருந்தக்கூடியது.

மிண்டெல் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஒப்பாய்வு, இந்தியா உள்ளிட்ட 17 நாடுகள் மற்றும் பகுதிகளைச் சேர்ந்த 29,287 குழந்தைகளின் உறக்கம் குறித்த தரவுகளைத் திரட்டியது. ஆசிய நாடுகளில் குழந்தைகள் இரவில் பிந்தி உறங்கச் செல்வதும், பெற்றோருடன் ஒரே அறையில் அல்லது ஒரே படுக்கையில் உறங்குவதும் மிகுதி என அது காட்டியது. ஒரே அறையில் உறங்குதல் வேறு, உறங்கத் தொடங்க மற்றொருவரின் அசைவை வேண்டுதல் வேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காணும்போது, தாயின் அருகிலேயே படுத்திருக்கும் குழந்தையும் தானே உறங்கப் பழக இயலும் என்பது தெளிவாகும்.

5. தொழிற்சாலையும் குழந்தையின் உறக்கமும்

தொழிற்சாலை தாயை அழைத்துக்கொண்ட இடங்களிலெல்லாம் குழந்தையின் உறக்கம் சிக்கலாகியுள்ளது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் அபினி கலந்த ‘காட்ஃபிரேயின் மருந்து’ குழந்தைகளுக்குப் புகட்டப்பட்டது. பம்பாய்ப் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் குழந்தைக்கு அபினி கொடுக்கும் வழக்கம் இருந்ததை, 1931இல் வெளியான இந்தியத் தொழிலாளர் அரச ஆணைய அறிக்கை கவனப்படுத்தியது. குழந்தைக் காப்பகமே இதற்குத் தீர்வு என்னும் கருத்தும் அக்காலத்திலேயே வலுப்பெற்றது. இன்று அபினியின் இடத்தில் உறக்கம் வரவழைக்கும் சளி மருந்துகள் நிற்கக்கூடும். மருத்துவர் கூறாமல் அவற்றை உறக்கத்திற்கெனப் புகட்டுதல் குழந்தையின் மூச்சைத் தாழ்த்தும் இடருடையது.

சிவகாசி வட்டாரத்தில் குழந்தைத் தொழிலாளர் முறை நிலவிய காலத்தில், விடியற்காலையில் ஊர்களுக்கு வந்த தொழிற்சாலைப் பேருந்துகள் சிறுவர் சிறுமியரின் உறக்கத்தையே பறித்தன. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும், எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் வழங்கிய தீர்ப்பும் அந்நிலையை மாற்றுவதில் பெரும்பங்கு வகித்தன. ஆயினும் தாய் வேலைக்குச் சென்றபின் வீட்டில் தூளியை ஆட்டும் பொறுப்பு அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ, அவர்கள் இல்லாத வீட்டில் மூத்த பெண்பிள்ளையிடமோ சேரும் வாய்ப்பு எஞ்சியே உள்ளது. ஆட்டினால் மட்டுமே உறங்கும் தம்பிக்காகப் பள்ளியைத் தவறவிடும் அக்காள், சட்டம் எண்ணாத உழைப்பைத் தருகிறாள்.

வீட்டிலிருந்து பெட்டி ஒட்டும் அல்லது குழாய் சுற்றும் பெண், குழந்தையின் அருகிலேயே இருக்கிறாள். எனினும் செய்யும் அளவுக்கேற்ற கூலி பெறும் அவள், கால்விரலில் கயிற்றைக் கட்டித் தூளியை ஆட்டியவாறே கையால் வேலை செய்ய நேரின், குழந்தையின் ஒவ்வொரு விழிப்பும் அவளது கூலியைக் குறைக்கிறது. தொழிற்சாலைக்குச் செல்பவளுக்குக் குழந்தையின் தொலைவு இடர். வீட்டில் வேலை செய்பவளுக்கு அதன் அருகாமையே இடர் எனலாம்.

6. தூளியின் பயனும் இடரும்

பழகிய பருத்திச் சேலையை உத்தரத்திலோ மரக்கிளையிலோ கட்டி அமைக்கும் தூளி, செலவற்றது, காற்றோட்டம் உடையது, தரையில் ஊரும் பூச்சிகளிடமிருந்து காப்பது. அதன் அசைவு குழந்தையை அமைதிப்படுத்துவதற்கு அறிவியல் அடிப்படையும் உண்டு. சப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த குமி குரோடாவின் குழுவினர், குழந்தையைத் தூக்கி நடக்கும்போது அதன் இதயத் துடிப்பு தணிந்து அழுகை அடங்குவதை 2013இல் விளக்கினர். அக்குழுவே 2022இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், அழும் குழந்தையை ஐந்து நிமிடம் தூக்கி நடந்து, உறங்கியபின் ஐந்து முதல் எட்டு நிமிடம் அமர்ந்தவாறு ஏந்தியிருந்து, அதன்பின் படுக்கையில் கிடத்துதல் பயன் தரும் என்றது. ஆட்டுதல் மூடப்பழக்கம் அன்று என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

அதே வேளையில், தூளியின் வளைந்த வடிவம் இளங்குழந்தையின் முகவாயை மார்பில் அழுத்தி மூச்சுவழியைக் குறுக்கக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022இல், குழந்தை மல்லாந்து, உறுதியான, சமதளமான பரப்பில் உறங்க வேண்டும் என்றும், 10 பாகைக்கு மேற்பட்ட சாய்வு கூடாது என்றும் வலியுறுத்தியது. தவழவும் எழவும் தொடங்கிய குழந்தை தூளியிலிருந்து விழுவதும், மூத்த குழந்தைகள் அதில் விளையாடும்போது துணி கழுத்தைச் சுற்றுவதும் உயிர்க்கேடாய் முடிவதுண்டு. இவ்வட்டாரத்திற்கே உரிய மற்றோர் இடரும் கருதத்தக்கது. பட்டாசு வேலைக்கு உடுத்திய சேலையில் அலுமினியப் பொடியும் கந்தகத் துகளும் படிந்திருக்கக்கூடும். அச்சேலையைத் தூளியாகக் கட்டுதலும், குளித்து உடைமாற்றாமல் குழந்தையை அணைத்தலும் தவிர்க்கத்தக்கன.

ஆதலால் தூளி, குழந்தையை அமைதிப்படுத்தும் இடமாகவும், உறங்கும் இடம் தரைவிரிப்பாகவும் அமைதல் நன்று. இம்மாற்றமே தானே உறங்கப் பழக்குவதன் முதற்படியும் ஆகும்.

7. பழக்கத்தின் படிமுறை

மேற்கண்ட செய்திகளின் அடிப்படையில், இவ்வட்டாரக் குடும்பங்களுக்கு ஏற்ற முறையைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவதாக, காலம். நான்கு திங்கள் நிறையுமுன் எவ்வகைப் பயிற்சியும் வேண்டுவதில்லை. அப்பருவத்தில் பசிக்கும்போது பால் கொடுப்பதும், அழும்போது எடுப்பதுமே வேண்டுவன. பகலில் ஒளியும் இரவில் இருளும் அமையச் செய்வது போதுமானது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் இரவுப்பாலை நிறுத்தலாகாது. ஆறு திங்களுக்குப் பின்னும் தாய்ப்பால் உண்ணும் குழந்தை இரவில் ஓரிரு முறை பாலுக்கு எழுவது இயல்பே.

இரண்டாவதாக, ஒழுங்கு. மாலையில் உடல் துடைத்தல் அல்லது குளிப்பாட்டுதல், பால் கொடுத்தல், விளக்கைத் தணித்தல், ஒரே தாலாட்டைப் பாடுதல் என்னும் வரிசையை நாள்தோறும் மாறாது பின்பற்றலாம். பாலை வரிசையின் தொடக்கத்தில் வைத்தால், உறிஞ்சியவாறே உறங்கும் பழக்கம் குறையும். தாலாட்டு இங்குச் சிறப்பிடம் பெறுகிறது. தாயின் மடியும் அவள் ஆட்டும் கையும் அவளோடு பணிக்குச் சென்றுவிடும். அவள் பாடும் மெட்டை அப்பத்தாவும் காப்பகப் பணியாளரும் பாட இயலும். பேணுவோர் மாறினும் மாறாத அடையாளமாய்த் தாலாட்டு நிற்கிறது.

மூன்றாவதாக, அசைவைக் குறைத்தல். முதல் சில நாள்களில் குழந்தை முற்றிலும் உறங்கும்வரை ஆட்டாமல், கண் சொருகும் நிலையில் ஆட்டத்தை நிறுத்தலாம். அடுத்து, தூளியில் சற்று நேரம் அமைதிப்படுத்தியபின் விழிப்பு மாறாத நிலையிலேயே விரிப்பில் கிடத்தி, மார்பில் மெல்லத் தட்டிக் கொடுக்கலாம். பின்னர்த் தட்டுதலும் நின்று, பாட்டும் அருகிருத்தலும் மட்டும் எஞ்சும். குழந்தை முனகினால் உடனே தூக்காமல் சிறிது பொறுத்திருக்கலாம். அழுகை வலுத்தால் தேற்றி, அமைதியுற்றதும் மீண்டும் கிடத்தலாம். குழந்தையைத் தனியே விட்டு அழவிடுதல் இம்முறையில் இடம்பெறாது. ஒட்டிய சுவர்களும் ஒற்றையறையும் உடைய குடியிருப்பில் அது நடைமுறைக்கும் ஒவ்வாது.

நான்காவதாக, தொடங்கும் வேளை. தாய் பணிக்குத் திரும்பும் நாளிலேயே இப்பழக்கத்தைத் தொடங்கினால், இரு பிரிவுகள் ஒருங்கே குழந்தையைத் தாக்கும். அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, பகலுறக்கத்தில் ஒருமுறை பாட்டியோ தந்தையோ உறங்க வைத்துப் பழக்குதல் நன்று. தீபாவளிக்கு முந்தைய திங்கள்களில் வேலைநெருக்கடி மிகும் ஆதலின், அப்பொழுது புதிய பழக்கம் தொடங்குவதைத் தவிர்க்கலாம். தந்தையின் பங்கு இவ்விடத்தில் வலியுறுத்தத்தக்கது. தாலாட்டில் தாய்மாமன் பெயர் பலகால் வருகிறது; பாடுபவர் பெரும்பாலும் பெண்ணே. இரவில் ஒருமுறையேனும் தந்தை எழுந்து குழந்தையைத் தேற்றுவாராயின், தாய்க்குத் தொடர்ந்த உறக்கம் கிடைக்கும்.

8. தாயின் உறக்கமும் காப்பகமும்

குழந்தையைப் பழக்குவதால் மட்டும் இச்சிக்கல் தீராது. தொழிற்சாலைகள் சட்டம் (1948), 1976ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. மகப்பேற்று நலச் சட்டம் (1961), குழந்தைக்குப் பதினைந்து திங்கள் நிறையும்வரை பாலூட்டுவதற்கென நாள்தோறும் இரு இடைவேளைகளை வழங்கியது. அச்சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம், ஐம்பதும் அதற்கு மேலும் பணியாளர் உள்ள நிறுவனங்களில் காப்பகத்தையும், அங்குத் தாய் நாளொன்றுக்கு நான்கு முறை செல்லும் உரிமையையும் சேர்த்தது. காப்பகமும் பாலூட்டும் இடைவேளையும் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன.

பட்டாசுத் தொழிலில் இவ்வுரிமை தனி இடர்ப்பாட்டைச் சந்திக்கிறது. வெடிபொருள் விதிகள் (2008), பதினெட்டு வயது நிரம்பாதோர் வெடிபொருள் உரிமம் பெற்ற வளாகத்தினுள் நுழைவதையே தடுக்கின்றன. இத்தடை குழந்தைகளின் உயிர்காக்க இன்றியமையாதது. எனவே காப்பகம் வளாகத்திற்கு வெளியே, பாதுகாப்பான தொலைவில் அமைய வேண்டும். தொலைவு கூடினால் தாய் இடைவேளையில் வந்து பாலூட்டுதல் அரிதாகும். பணியாளர் எண்ணிக்கை குறைந்த சிறு தொழிற்கூடங்களும், வீட்டில் வேலை செய்வோரும் இச்சட்டங்களின் எல்லைக்குள் வருவதில்லை. தமிழ்நாட்டின் அங்கன்வாடி மையங்கள் பெரும்பாலும் இரண்டு வயது நிறைந்த குழந்தைகளையே பகலில் ஏற்கின்றன. அதனினும் இளைய குழந்தைக்கு இணை உணவு கிடைக்கிறது, உறங்க இடம் கிடைப்பதில்லை. தாலப்பருவக் குழந்தையே இந்த இடைவெளியில் விடுபடுகிறது.

நடுவணரசின் ‘பால்னா’ திட்டம், ஆறு திங்கள் முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு அங்கன்வாடியுடன் இணைந்த காப்பகத்தை முன்வைக்கிறது. தொட்டில் என்னும் பொருளுடைய இந்திச் சொல்லே அதன் பெயர். தொழிலாளர் வாழும் ஊர்களிலேயே இத்தகைய காப்பகங்கள் அமையுமாயின், வெடிபொருள் விதியும் மீறப்படாது. சிறு தொழிற்கூடத்தாரும் வீட்டுத் தொழிலாளரும் பயன்பெறுவர். அங்குப் பணியாற்றுவோர்க்கு, உறுதியான விரிப்பில் மல்லாந்து கிடத்துதலும், வீட்டில் பாடும் தாலாட்டைக் கேட்டறிந்து பாடுதலும் பயிற்சியின் பகுதிகளாதல் வேண்டும்.

முடிவுரை

தானே உறங்குதல் என்பதைத் தனித்து உறங்குதல் எனக் கொள்வது மேலைநாட்டு வீட்டமைப்பிலிருந்து எழுந்த பொருள்கோள் ஆகும். சிவகாசி வட்டாரத்து ஒற்றையறை வீட்டில் அது பொருந்தாது. பொருந்த வேண்டிய தேவையும் இல்லை. தூளியின் அசைவின்றி, பழகிய பாட்டின் துணையோடு, எவர் அருகிருப்பினும் கண்ணயரும் குழந்தையே இங்குத் தானே உறங்கப் பழகிய குழந்தை எனலாம். தமிழ்த் தாலாட்டு மரபு இப்பழக்கத்திற்குத் தடையன்று. தக்கவாறு கையாளின் அதுவே துணையாகும்.

எனினும் குழந்தையின் உறக்கத்தைக் குழந்தையிடமும் தாயிடமும் மட்டுமே திருத்த முனைவது முறையன்று. வெடிமருந்தைக் கையாளும் தாய்க்கு இரவில் உறக்கமும், அவள் குழந்தைக்குப் பகலில் பாதுகாப்பான படுக்கையும் கிடைப்பது குடும்பம், தொழிற்கூடம், அரசு ஆகிய மூன்றின் கூட்டுப் பொறுப்பு. இவ்வட்டாரத்துத் தொழிலாளர் பெண்கள் இன்று பாடும் தாலாட்டுகளையும், அவர்தம் குழந்தைகள் பகலில் உறங்கும் முறைகளையும் களப்பணி வழியே தொகுத்தல், நாட்டார் வழக்காற்றியலாரும் குழந்தை மருத்துவரும் இணைந்து மேற்கொள்ளத்தக்க அடுத்த பணியாகும்.